ஸ்ட்ரட் பார் போட்டால் வளைவில் கார் பிடித்து ஓடுமா?

சில கார்களின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பளபளப்பான ஒரு கம்பி ஓடும். அதுதான் ஸ்ட்ரட் பார். முன்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்கள் பாடியில் போய் முட்டும் இரண்டு இடங்களை, அதாவது இடது, வலது ஸ்ட்ரட் டவர்களை, அது இணைக்கிறது. சில நட்டுகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அதைப் போட்டதும் ஸ்டீயரிங் கூர்மையாகிவிட்டது, வளைவில் கார் தயங்காமல் திரும்புகிறது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. சில கார்களில் அது உண்மை. இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. ஏன் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இன்றைய சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. சக்கரத்தைக் கீழே லோயர் ஆர்ம் என்ற, பாடியிலிருந்து நீளும் ஓர் உலோகக் கை பிடித்துக்கொள்ளும். மேலே தனி ஆர்ம் கிடையாது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டே நேராகப் பாடியில் போய் அமர்ந்துவிடும்.

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க முன்சக்கரத்தைச் சாலை 3,500 நியூட்டன் விசையோடு உள்நோக்கித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் எடையுள்ள காரை வேகமாகத் திருப்பினால் ஏறக்குறைய இந்த அளவு வரும். லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் மூட்டான பால் ஜாயின்ட் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஸ்ட்ரட்டின் தலை அதற்கும் 65 செ.மீ. மேலே. நெம்புகோல் கணக்குதான். சக்கரத்தின் அடி உள்ளே தள்ளப்படும்போது ஸ்ட்ரட்டின் தலை வெளியே தள்ளும். அந்த விசை 3,500-ஐ 20-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 1,080 நியூட்டன். லோயர் ஆர்ம் தாங்குவதோ இரண்டின் கூட்டுத்தொகை, சுமார் 4,580 நியூட்டன். மேலே விழுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான பக்கவாட்டுச் சுமை கீழேதான் இறங்குகிறது. பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது. உள்பக்கச் சக்கரத்தையும் சாலை அதே திசையில்தான் தள்ளுகிறது. ஆகவே இரண்டு டவர்களும் ஒன்றையொன்று நோக்கி நெருங்குவதில்லை, விலகுவதுமில்லை. இரண்டுமே வளைவின் வெளிப்பக்கமாக, ஒரே திசையில் சாய்கின்றன. அப்படியிருக்க, இரண்டையும் ஒரு கம்பியால் கட்டினால் என்ன நடக்கும்? கம்பியும் கூடவே சாயும். உள்பக்கச் சக்கரத்துக்கு 1,200 நியூட்டன் என்று வைத்தால் அதன் டவரில் விழுவது 370. வெளி டவரின் 1,080-ஐயும் இந்த 370-ஐயும் கம்பி சமமாகப் பங்கிட்டுவிடும், ஆளுக்கு 725. அவ்வளவுதான் அதனால் முடியும். டவர்களின் மொத்தச் சாய்வை அது குறைப்பதில்லை. அதைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு டவர்களையும் பின்னால் இருக்கும் ஃபயர்வாலோடு, அதாவது எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவில் உள்ள சுவரோடு, முக்கோணமாகக் கட்ட வேண்டும். நல்ல தொழிற்சாலை அமைப்புகளில் கம்பி மூன்று இடங்களில் பிடிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்.

சரி, வெளி டவரின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைகிறதே, அது லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான். எவ்வளவு? ஸ்ட்ரட்டின் தலை முழுதாக 1 மி.மீ. நகர்ந்தால்கூட சக்கரத்தின் கேம்பர் கோணம், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு, மாறுவது 0.1 டிகிரிக்கும் குறைவு. பல கார்களின் அலைன்மென்ட் கையேடு, கேம்பர் அரை டிகிரி கூடக் குறைய இருந்தாலும் சரி என்றே சொல்கிறது. கார் வளைவில் 3 டிகிரி சாயும்போது மேக்பெர்சன் அமைப்பில் வெளிச்சக்கரம் சாலையோடு ஒப்பிட 2 டிகிரி அளவுக்குச் சாய்ந்துவிடும். ஆர்ம்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் அமுங்குவது தனி. இவற்றுக்கு நடுவே அந்த 0.1 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கைத் தேட வேண்டும்.

கம்பியின் வடிவமும் முக்கியம். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட நேரான இரும்புக் குழாய் நீளவாக்கில் அசாத்திய உறுதி கொண்டது. ஆனால் எஞ்சின் மூடிக்கு இடம் விட்டு அதே குழாயை நடுவில் 50 மி.மீ. மேலே வளைத்தால், அழுத்தும்போது அது வில்லாக வளையத் தொடங்கும். உறுதி 20-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அலுமினியத்தில் செய்தால், அதே அளவுக்கு, இன்னும் மூன்றில் ஒன்று. அழகாக வளைந்த அலுமினியப் பார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

அப்படியென்றால் எங்கேதான் இது வேலை செய்கிறது? ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் தலைமுறை நல்ல உதாரணம். அதில் மேக்பெர்சன் ஸ்ட்ரட் இல்லை; ஸ்பிரிங் மேல் ஆர்முக்கு மேலே உட்கார்ந்து, முன்பக்க எடை முழுவதையும் நேராக டவர்களில் ஏற்றுகிறது. ஒவ்வொரு பள்ளமும் இரண்டு டவர்களையும் உள்நோக்கி நெருக்கும். ஆண்டுகள் போகப் போக டவர்கள் உண்மையிலேயே உள்ளே சாய்ந்து, அலைன்மென்ட் செய்ய முடியாத நிலைக்கு வந்த கார்கள் உண்டு. மோசமான சாலைகள் உள்ள நாடுகளுக்கு அனுப்ப, டவர்களை ஃபயர்வாலோடு சேர்க்கும் ஒரே துண்டான உறுதியான தாங்கியை ஃபோர்டே செய்தது. மான்டே கார்லோ ராலியில் ஓடிய ஃபோர்டு ஃபால்கன்களிலிருந்து, டவர்களுக்குக் குறுக்கே போடும் மான்டே கார்லோ பார் வந்தது. மஸ்டாங்கை வைத்தே செய்து 1965-இல் வந்த ஷெல்பி ஜிடி350-இல் இரண்டுமே இருந்தன. நெருக்கும் விசையைக் குறுக்குக் கம்பி தடுத்தது, சாய்க்கும் விசையை முக்கோணம் தடுத்தது.

கூரை இல்லாத கார்களும் அப்படித்தான். மூடியை எடுத்துவிட்ட அட்டைப்பெட்டியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், புரியும். மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறைக்கு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது, கூடவே அடியில் கூடுதல் தாங்கிகளையும் நிறுவனமே சேர்த்தது.

பாடி எவ்வளவு உறுதியாக இருந்தால் போதும் என்பது ஸ்பிரிங்கைப் பொறுத்தது. லம்போர்கினி அவென்டடோரின் பாடியை ஒரு டிகிரி முறுக்க 35,000 நியூட்டன் மீட்டர் வேண்டும். வளைவில் திரும்புவதற்கே பேர் பெற்ற லோட்டஸ் எலிஸுக்கு சுமார் 10,000 போதும். எலிஸ் மிக இலேசான கார், ஸ்பிரிங்கும் மென்மை. சாலையில் ஓடும் சாதாரணக் காரை ஒரு டிகிரி சாய்க்க 1,000 முதல் 2,000 நியூட்டன் மீட்டர் போதும். பாடி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறுதி. முதலில் அமுங்குவது ஸ்பிரிங்கும் புஷ்ஷும் டயரும்தான். பந்தயத்துக்காகக் கடினமான ஸ்பிரிங்கும் ஒட்டும் டயரும் போட்ட பிறகு இந்த விகிதம் மாறுகிறது. அப்போது பாடியே ஒரு ஸ்பிரிங்காக நடந்துகொள்ளத் தொடங்கும், தாங்கிகளின் பலனும் அங்கே தெரியும்.

இதை ஆன்டி ரோல் பாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கீழே, சக்கரத்தோடு சேர்ந்து முறுக்கப்படும் ஒரு ஸ்பிரிங். காரின் சாய்வையும் முன் பின் பிடிமானத்தின் பங்கீட்டையும் உறுதியாக மாற்றும். சாதாரணக் காரில் செலவழிக்கப் பணம் இருந்தால் நல்ல டயர், அப்புறம் தேய்ந்த புஷ்களும் ஷாக் அப்சார்பரும், அப்புறம் அலைன்மென்ட் என்றுதான் நான் சொல்வேன். தாங்கி போட்டே ஆக வேண்டுமென்றால், லோயர் ஆர்ம்கள் பாடியில் சேரும் இடங்களைக் கீழே கட்டும் தாங்கியை முதலில் பாருங்கள். சுமை அங்கேதான் இருக்கிறது.

ஏற்கெனவே பார் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு சோதனை. நண்பர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, சில நாள் பாரை மாட்டியும் சில நாள் கழற்றியும் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறக்காமல், ஒரே சாலையில் ஓட்டி, இன்று பார் இருக்கிறதா இல்லையா என்று எழுதி வையுங்கள். ஓட்டும் முன் ஒவ்வொரு தடவையும் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து ஒரே அளவில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று பிஎஸ்ஐ மாறினாலே, அதைப் பாரின் வேலை என்று நினைத்துவிடுவீர்கள்.