‘புரிந்ததா?’ என்றால் ‘ம்’ என்பான்

“வழக்கில் சிக்கும் பையன்கள் எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்கிறார்களே, திமிர்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். திமிரும் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காவலில் இருந்த 100 பையன்களைப் பமேலா ஸ்னோ, மார்ட்டீன் பாவெல் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2011-ல் வெளிவந்த அந்த ஆய்வில் 46 பேருக்கு மொழித்திறன் குறைபாடு, அதாவது வாக்கியத்தைப் புரிந்துகொள்வதிலும் கட்டுவதிலும் தடுமாற்றம். பள்ளிப் பிள்ளைகளிடம் இது பொதுவாக 7 சதவீதம்தான். காது கேட்கும், உச்சரிப்பு சுத்தம், கெட்ட வார்த்தை தாராளம்; ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது.

இதைப் பிடிக்கும் சோதனை ரொம்ப எளிது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். உதாரணமாக, “பந்தைத் திருடிய பையனைத் துரத்திய நாய் இன்னும் வீடு திரும்பவில்லை.” கிளிப்பிள்ளை வேலைதானே என்று தோன்றும். இல்லை! இவ்வளவு நீள ஒலியை நினைவு அப்படியே பிடித்து வைக்காது. பொருளை மட்டும் வைத்துக்கொண்டு, நம் இலக்கணத்தால் வாக்கியத்தை மறுபடி கட்டுகிறோம். இலக்கணம் தளர்ந்தவன் கட்டும்போது, “பையன் நாயைத் துரத்தினான்” என்று வந்து நிற்கும்.

இதே மூளையிடம்தான் இங்கிலாந்து போலீஸ், கைதின்போது 37 சொல் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது. எதுவும் சொல்லக் கட்டாயமில்லை என்பது தொடக்கம். அடுத்தது ஏறக்குறைய இப்படி: “பின்னால் நீதிமன்றத்தில் நீ ஆதாரமாக நம்பப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால், உன் தரப்புக்குப் பாதகமாகலாம்.” இன்னும் வராத வழக்கு, ஒரு எதிர்மறை, ஒரு நிபந்தனை, ஒரு ‘லாம்’ என நான்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நழுவியது போக மிஞ்சுவது: சொல்ல வேண்டாம், சொல்லாவிட்டால் ஆபத்து. அவன் தோளைக் குலுக்குகிறான். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்யன் என்கிற மூடநம்பிக்கையும் சேர்ந்தால் அவன் கதை முடிந்தது.

குறைபாடு குற்றம் செய்ய வைக்கிறது என்று அர்த்தமில்லை. வாசிப்பில் தோல்வி, வகுப்பிலிருந்து வெளியேற்றம், தெரு என்று நீளும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி.

முழுச் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். இதற்கு ஒரு பேச்சு, மொழிப் பயிற்சியாளரை அமர்த்தக் காசில்லை என்பது வெறும் சாக்கு. அவர் வரும்வரை விசாரிப்பவர் செய்யக்கூடியது: ஒரு தடவைக்கு ஒரே கேள்வி. கேட்டபின் பத்து விநாடி மௌனம். ‘புரிந்ததா?’ வேண்டாம், “நான் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு” என்று கேளுங்கள்.