தனியாகப் பாய்விரிக்கப் போகிறவர் எத்தனை அடிப் படகை வாங்க வேண்டும்?

பாய்ப்படகுகளைப் பழுதுபார்ப்பதும், வாங்குவதற்கு முன் அவற்றைப் பரிசோதித்துக் கொடுப்பதும் திருகோணமலையில் என் தொழில். அண்மைக் காலத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலர், குறிப்பாக வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஓய்வுக்காகச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆள் துணையின்றித் தனியாக ஓட்டுவதற்கு எத்தனை அடிப் படகு சரியாக இருக்கும்? இதற்கு ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொட்டியவர் ஆறு மாதத்துக்குள் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிடுவதையும், அதைவிட மோசமாக, காற்று ஏறிய ஒரு மாலையில் கொட்டியாரக்குடாவின் நடுவே செய்வதறியாது நிற்பதையும் பார்த்திருப்பதால், நான் முதலில் வேறொன்றைக் கேட்கிறேன். உங்கள் படகில் செய்ய வேண்டிய மிகப் பாரமான வேலை எது, அதை நீங்கள் நன்றாகக் களைத்துப்போன நேரத்தில், உங்கள் இரண்டு கைகளால் மட்டும் செய்து முடிக்க முடியுமா? அதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய அளவே உங்களுக்குரிய அளவு.

நீளத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவதற்குக் காரணம், நீளம் கொஞ்சம் கூடும்போது மற்ற எல்லாமே பெருமளவில் கூடிவிடுவதுதான். ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு 24 அடிப் படகை 30 அடியாக்கினால் நீளம் நாலில் ஒரு பங்குதான் கூடுகிறது. எடையோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. 30 அடியில் சுமார் 4 தொன் எடையுள்ள ஒரு சாதாரணப் பயணப் படகு, 40 அடிக்குப் போகும்போது 8 தொன்னைத் தாண்டிவிடும். எடை கூடினால் அதை இழுக்கப் பாய் பெரிதாக வேண்டும், பாய் பெரிதானால் கயிறு தடிக்கும், கயிற்றைச் சுற்றி இறுக்கும் விஞ்ச் பெரிதாகும், நங்கூரம் பாரமாகும். வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் மட்டும் அந்த அளவுக்கு இல்லை. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகின் இயல்பான உச்ச வேகம் சுமார் 6.7 நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்றால், 36 அடி நீளமுள்ளதற்கு அது 8 நொட்தான்.

காற்றின் விசையும் இப்படித்தான் ஏறுகிறது. காற்று 10 நொட்டிலிருந்து 20 நொட்டாகும்போது பாயின் மீதான அழுத்தம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. 20 சதுர மீற்றர் முன்பாயில் 20 நொட் காற்று அடிக்கும்போது அதன் இழுகயிற்றில் தோராயமாக 170 கிலோ பாரம் விழும். 40 சதுர மீற்றர் முன்பாய் என்றால் அது 340 கிலோ. விஞ்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விஞ்ச் ஒழுங்காக வேலை செய்யும் வரைக்கும் அது சரி. கயிறு விஞ்சில் ஒன்றின் மேலொன்றாகச் சிக்கி இறுகிவிட்டால், அதை விடுவிக்க வேண்டியவரும் சுக்கானைப் பிடித்திருக்க வேண்டியவரும் ஒரே ஆள் என்பதைத் தனியாகப் போகிறவர் மறந்துவிடக் கூடாது.

பாயைவிட என்னிடம் வருகிறவர்கள் குறைவாக யோசிக்கும் விடயம் நங்கூரம். கனடாவிலிருந்து திரும்பியிருந்த ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி 38 அடிப் படகு ஒன்றைப் பார்த்துவிட்டு என்னை அழைத்திருந்தார். "தம்பி, பெரிய படகெண்டால் பாதுகாப்புத்தானே, அலை ஒண்டும் செய்யாது" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நான் மறுத்துப் பேசாமல், நங்கூரம் தூக்கும் மின் பொறியை நிறுத்திவிட்டு, "ஐயா, இதைக் கையால ஒருக்கா எடுத்துப் பாருங்கோ" என்றேன். நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் சுமார் 15 மீற்றர். பத்து மில்லிமீற்றர் சங்கிலி ஒரு மீற்றருக்கு 2.3 கிலோ வரும். ஆகவே செங்குத்தாகத் தொங்கும் சங்கிலி மட்டும் 35 கிலோ, அதன் நுனியில் 25 கிலோ நங்கூரம். படகின் முன்முனையான அணியத்தில் குந்தியிருந்து முதல் சில மீற்றரை அவர் சுலபமாகவே இழுத்தார், ஏனென்றால் அப்போது அவர் தரையில் கிடந்த சங்கிலியைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். சங்கிலி நேராக நின்றதும் கை நின்றுவிட்டது. உள்ளங்கையில் துருவும் சேறும் அப்பியிருக்க, எடுத்த சங்கிலி நழுவாதபடி அதைக் காலால் மிதித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அன்று காற்று இல்லை. காற்று இருந்திருந்தால் 8 தொன் படகு பின்னோக்கி இழுக்கும் விசையும் அந்தச் சங்கிலியில் சேர்ந்திருக்கும். பிறகு அவர் வாங்கியது 28 அடிப் படகு. அதில் எட்டு மில்லிமீற்றர் சங்கிலி, 12 கிலோ நங்கூரம். அதே ஆழத்தில் மொத்தம் 33 கிலோ வரும். மின்கலம் செத்துப்போனாலும் அவரால் அதை எடுக்க முடிகிறது.

மின் பொறிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை உப்புக்காற்றில் வாழ்கின்றன என்பதையும், அவை பழுதாகும் நாளில் படகு தன் உண்மையான பாரத்தைக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

படகைத் துறையில் அணைப்பதற்கும் இதே கணக்குத்தான். இரண்டு மூன்று தொன் படகு இறங்குதுறையை நோக்கிக் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டாலும், ஒரு கயிற்றைக் கட்டையில் சுற்றி அதை நிறுத்திவிடலாம். எட்டுத் தொன் படகை ஒருவர் கையாலோ காலாலோ தடுக்க முயன்றால் எலும்பு முறியும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் மிகச் சிறியதையே வாங்கிவிடலாம் என்று யாரும் முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் நம் கரையில் சிறிய படகுக்குத் தனி ஆபத்து உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரையில் நின்று பார்ப்பவருக்கு நீர் தட்டையாக, அழைப்பது போலத் தெரியும். தென்னைகளும் கட்டிடங்களும் காற்றை மறைத்திருக்கும். ஒரு மைல் வெளியே போன பிறகுதான் காற்றின் முழு வலுவும் தெரியும், அப்போது திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று. உட்துறைமுகத்தில் கடல் அமைதியாக இருந்தாலும், சுற்றியுள்ள குன்றுகளின் இடைவெளிகளால் காற்று திடீர் திடீரென இறங்கும். லேசர் எனப்படும் ஒற்றையாள் படகு 4.23 மீற்றர் நீளமும், பாயும் பாய்மரமும் சேராமல் 59 கிலோ எடையும் கொண்டது. கவிழ்ந்தால் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று உடல் எடையாலேயே நிமிர்த்திவிடலாம், ஏனெனில் அது ஒருவருக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் இரண்டு மூன்று பேருக்கென்று கட்டிய 16 அடித் திறந்த படகை, விலை மலிவு என்பதற்காகத் தனியாக எடுத்துச் செல்கிறவர், அது கவிழ்ந்தால் நிமிர்த்த முடியாமல் அதன் அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு கச்சானோடு கிழக்கே மிதக்க வேண்டியதுதான். என்னைப் பொறுத்தவரை, தனியாகப் போகிறவருக்கு 38 அடிப் படகைவிட இந்த வகைப் படகுதான் அதிக ஆபத்தானது.

கடலில் விழுவதைப் பற்றியும் அளவோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 5 நொட்டில் ஓடும் படகு ஒரு செக்கனுக்கு இரண்டரை மீற்றர் போகிறது. நீங்கள் விழுந்து, தலையை நீருக்கு மேல் எடுத்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது 25 மீற்றர் தாண்டியிருக்கும். ஓட்டோபைலட் போட்டிருந்தால் நிற்கவும் போவதில்லை. ஆகவே உடலை வார்ப்பட்டையால் படகோடு கட்டிக்கொள்வது கட்டாயம். அப்படிக் கட்டியிருந்தும் விளிம்புக்கு மேலால் விழுந்தவர், நீரிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்த பக்கச் சுவரில் ஈர உடையுடன் ஏறுவது பெரும்பாலும் நடக்காத காரியம். நீரில் கிடந்தபடியே கையால் இழுத்து இறக்கக்கூடிய ஏணி பின்புறத்தில் இல்லாத படகை, அது எத்தனை அடியாக இருந்தாலும், தனி ஆளுக்கு ஏற்றதென்று நான் எழுதிக் கொடுப்பதில்லை.

தனியாக உலகைச் சுற்றியவர்கள் பெரிய படகில் போகவில்லையா என்று இளைஞர்கள் கேட்பார்கள். 1895 முதல் 1898 வரை முதன்முதலில் தனியாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோக்கமின் ஸ்பிறே ஏறத்தாழ 37 அடி. 1968–69இல் எங்கும் நிறுத்தாமல் முதலில் சுற்றி முடித்த றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரனின் சுகைலி 32 அடி. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2012–13இல் 56 அடி மாதேயில் தனியாகச் சுற்றினார். அவரே 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் 36 அடிப் படகில் சென்று இரண்டாம் இடம் பெற்றார். பிரான்சிஸ் சிச்செஸ்ரர் 1966–67இல் 50 அடிக்கும் மேற்பட்ட ஜிப்சி மொத் 4இல் சுற்றிவந்தார். தனி ஒருவருக்கு அது கடினமான படகு என்று அவர் வெளிப்படையாகவே குறைப்பட்டார். இவர்களின் பயணங்கள் மாதக்கணக்கானவை. உணவையும் நீரையும் சுமக்கவும், தென்பெருங்கடலின் அலைகளைத் தாங்கவும் அவர்களுக்கு நீளம் தேவைப்பட்டது. காலையில் புறாத்தீவுப் பக்கம் போய் மாலையில் திரும்புகிறவருக்கு அந்தத் தேவை கிடையாது.

உட்துறைமுகத்துக்குள்ளும் கொட்டியாரக்குடாவின் மேற்குப் பாதியிலும் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு லேசர் போன்ற ஒற்றையாள் படகோ, கீலில், அதாவது படகின் அடித்தண்டில், பாரம் வைத்த 18 முதல் 22 அடிப் படகோ போதும். அறுபதைக் கடந்தவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் பகல் முழுக்கப் போகிறவருக்கும், இடையிடையே மட்டக்களப்பு வரை இரவு கடந்து போக ஆசைப்படுகிறவருக்கும் 24 முதல் 30 அடி வரை பொருந்தும். இந்த அளவில் படகுக்குள் படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், பெரிய பாய் பெரும்பாலும் 20 சதுர மீற்றரைத் தாண்டாது என்பதால் கையாலேயே ஏற்றவும் இறக்கவும் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை தாய்லாந்து, மலேசியாப் பக்கத்திலிருந்து நம் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் படகுகளைப் போல வங்காள விரிகுடாவைக் கடக்க நினைப்பவருக்கு 30 முதல் 36 அடி. அதற்கு மேல் போக, தனி ஆளுக்கு நியாயமான காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளில்கூட ஒன்று தனி ஆளுக்கு ஏற்றதாகவும் மற்றது ஏலாததாகவும் இருக்கும். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறும் பாயைச் சுருக்கும் கயிறும் பாய்மரத்தடியில் முடிகின்றனவா, அல்லது சுக்கான் அருகே உட்காரும் இடம் வரை கொண்டுவரப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பாய் தானாகச் சுருண்டுகொள்ளும் வகையா, சுக்கானைக் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து போனால் படகு தன் திசையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். கயிறுகளைப் பின்னால் கொண்டுவரும் வேலைக்கு ஆகும் செலவு, இரண்டு அடி கூடிய படகுக்குக் கொடுக்கும் மேலதிக விலையைவிட மிகக் குறைவு.

படகை ஓட்டிப் பார்ப்பதற்கு விற்பவர்கள் பெரும்பாலும் காற்றில்லாத காலை நேரத்தையே தருவார்கள். 15 நொட்டுக்குக் குறையாமல் காற்று அடிக்கும் ஒரு நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் படகில் இருக்கட்டும், ஆனால் எந்தக் கயிற்றிலும் கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நங்கூரத்தைக் கையால் எடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்குங்கள், துறையில் நீங்களே அணையுங்கள், பிறகு உயிர்காப்பு அங்கியுடன் நீரில் இறங்கி ஏணியில் ஏறிப் பாருங்கள். இவற்றில் ஒன்று முடியாமல் போனாலும் அடுத்த சிறிய படகைப் பார்க்கப் போகலாம். முற்பணத்தை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.