வீட்டுக்கு வந்த வார்டும் விரலில் மாட்டும் கருவியும்

"நிமோனியா நோயாளியை வீட்டிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரி வைத்தியம் பார்க்கிறார்களாமே? டாக்டர் எங்கோ இருக்க, மூச்சு மோசமாவது அவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் இதை முன்னெடுத்தவர்கள் டாக்டர்களேதான். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதியோர் மருத்துவரான புரூஸ் லெஃப் 1990களில் இதில் இறங்கினார். வந்த நோய் குணமானாலும், வார்டில் கிடக்கும் வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறுகிறது, கீழே விழுகிறார்கள், புதுத் தொற்று ஒட்டிக்கொள்கிறது என்பது அவருடைய கவலை. பிறகு பாஸ்டனில் டேவிட் லெவின் குழு 91 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களை டாக்டர் தினம் ஒரு முறை, நர்ஸ் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். செலவு 38 சதவீதம் குறைந்தது. 30 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வார்டுக் குழுவில் 23 சதவீதம், வீட்டுக் குழுவில் 7 சதவீதம்தான். 2020 நவம்பரில் கோவிட் நெருக்கடியில், முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் இதற்கு அனுமதி தந்தது.

சரி, யாரும் வராத நேரத்தில்? நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, உடல்சூடு எல்லாம் கருவிகள் வழியே டாக்டரின் திரைக்குப் போய்விடும். இந்தக் கருவிகளில் எனக்கு வியப்பு தீராத ஒன்று, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்.

ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமலேயே அது ரத்தத்தின் ஆக்சிஜனை அளந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பைக் கூடுதலாகவும் விழுங்கும். ஆக்சிஜன் இல்லாதது இதற்கு நேர்மாறு. அதனால் கருவி இரண்டு ஒளிகளையும் விரலுக்குள் மாறி மாறிப் பாய்ச்சுகிறது. ஆனால் தோல், சதை, எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்குமே? விரல் தடிமனும் ஆளுக்கு ஆள் வேறு. தமனி ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

அங்கேதான் இதயம் உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி லேசாகப் புடைக்க, அந்தக் கணத்தில் விரலைத் தாண்டி வரும் ஒளி கொஞ்சம் மங்குகிறது. மற்றதெல்லாம் அநேகமாக அப்படியே இருக்கும். எடைமேடையில் காலி லாரியையும் சரக்கு ஏற்றிய லாரியையும் நிறுத்திக் கழித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். மாறியது எவ்வளவோ, அவ்வளவும் தமனி ரத்தம். அந்த மாற்றத்தைச் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் தனித்தனியே எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். விகிதம் 1 என்றால் ஆக்சிஜன் சுமார் 85 சதவீதம், 0.5 என்றால் 97-ஐ ஒட்டி. விரல் சில்லிட்டுத் துடிப்பு மங்கினால் கணக்கும் தடுமாறும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோயாகி. அவர் தேடியதே வேறு. ரத்தத்தில் சாயம் செலுத்தி, அது நீர்த்துப்போவதைக் காதில் மாட்டிய ஒளிக்கருவியால் பார்த்து, இதயம் எவ்வளவு ரத்தம் பாய்ச்சுகிறது என்று அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அந்த வரைபடத்தை ஆட்டிக் கெடுத்தது. அகச்சிவப்பைத் துணைக்கு வைத்து ஆட்டத்தை ஒழித்தார். அடங்கியது. ஆனால் ஆக்சிஜன் அளவு மாறியதுமே ஆட்டம் திரும்ப வந்துவிட்டது! தொல்லை திரும்பி வருவதே ஆக்சிஜனைக் காட்டும் குறி என்று பிடித்துக்கொண்டார் பாருங்கள், அந்த மனம்தான் விஞ்ஞானி மனம். 1974இல் இதை வெளியிட்டார்.

2021 ஏப்ரலில் கற்பூரம், ஓமம், கிராம்பை மூட்டை கட்டி முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. மூக்கு திறந்தது போலத் தோன்றலாம். நுரையீரலில் சளியும் நீரும் அடைத்திருந்தால் ஆக்சிஜன் ரத்தத்துக்கு எப்படிப் போகும்? அந்த நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தால் உயிரே போய்விடும். இதை நான் கோபத்தோடேயே சொல்கிறேன்.

அதற்காகக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆக்சிமீட்டர் எண்ணைத் தமனி ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியும் உண்மையில் 88க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். தோலின் நிறமி கணக்கைத் திரிக்கிறது. விகிதத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணையே, ஆரோக்கியமான சிலரைக் குறைந்த ஆக்சிஜனில் மூச்சுவிட வைத்து எடுத்ததுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குப் பத்துப் பேர் போதும் என்று வைத்திருந்தது. 2025 ஜனவரியில் வந்த அதன் வரைவு, பல நிறத் தோல் கொண்ட 150 பேராவது வேண்டும் என்கிறது.

இத்தனை நிறத் தோல்கள் இருக்கும் நம் நாட்டில் இந்தச் சோதனையை அரசுப் பணத்தில் நாமே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை.

அதுவரை, வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒற்றை எண்ணைவிட அதன் போக்கைக் கவனியுங்கள். விரலைச் சூடுபறக்கத் தேய்த்து, நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, எண் ஒரு நிலைக்கு வரும்வரை அசையாமல் இருங்கள். நேற்று 97, இன்று 94 என்று இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். எண் நன்றாக இருந்தும் நோயாளி திணறினால் நோயாளியைத்தான் நம்ப வேண்டும்.