பேட்டரி கேமரா தூங்கும் கருவி: ஸ்மார்ட் ஹோமில் இணைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட் வரைக்கும் ஒயர் இழுக்க வழியில்லை, பெயின்ட் அடித்த சுவரை உடைக்க மனம் வரவில்லை. அதனால்தான் பலரும் பேட்டரி கேமரா வாங்குகிறார்கள். ஆறு மாதம் சார்ஜ் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அலெக்ஸாவிலோ, வீட்டுக் கருவிகளை ஒன்றாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளிலோ இணைத்த பிறகு பார்த்தால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏணி போட்டு இறக்க வேண்டியிருக்கும். கேமராவில் கோளாறு என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கோளாறு கேமராவில் இருக்காது, இணைத்த விதத்தில்தான் இருக்கும்.

ஒயர் கேமரா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். பேட்டரி கேமராவில் வீடியோ எடுக்கும் பகுதி பெரும்பாலான நேரம் அணைந்தே கிடக்கும். விழித்திருப்பவை இரண்டுதான்: உடல் சூட்டின் அசைவை உணரும் பி.ஐ.ஆர் சென்சார், ரௌட்டரோடு (அல்லது கேமராவுக்கும் ரௌட்டருக்கும் நடுவே நிற்கும் ஹப் பெட்டியோடு) தொடர்பை விடாமல் பிடித்திருக்கும் சின்ன ரேடியோ. யாராவது வந்தால் சென்சார் தட்டி எழுப்பும். கேமரா எழுந்து, படம் பிடித்து, அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். எழுவதற்கே ஒரு விநாடி போல ஆகும். வேகமாகக் கடந்து போகிறவரின் முதுகு மட்டும் பதிவாவது இதனால்தான்.

ஆகவே எந்த இணைப்பைச் சேர்ப்பதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கேமராவை எத்தனை முறை எழுப்பும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 எம்.ஏ.எச் பேட்டரி என்றால், 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. தூங்கும்போது 10 மில்லிவாட், விழித்திருக்கும்போது 2 வாட் என்று வைத்துக்கொள்வோம் (மாடலுக்கு மாடல் இது மாறும்). தூக்கத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு 0.24 வாட்-மணி போகும். ஒரு நாளில் 20 தடவை, தடவைக்கு 20 விநாடி எழுந்தால் இன்னொரு 0.22. மொத்தம் 0.46, அதாவது சுமார் 80 நாள் வரும். அதே கேமரா தெருவைப் பார்த்தபடி 100 தடவை, தடவைக்கு 30 விநாடி எழுந்தால் ஒரு நாளைக்கு 1.9 வாட்-மணி ஆகும். 19 நாளில் காலி. லைவ் வீடியோவைத் திறந்தே வைத்தால் 19 மணி நேரம்கூடத் தாங்காது.

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், கேமராவின் வீடியோவை மற்ற கருவிகள் எடுத்துக்கொள்ள உதவும் ஆர்.டி.எஸ்.பி-யும் ஒன்விஃப்பும் பெரும்பாலான பேட்டரி மாடல்களில் ஏன் இல்லை என்பதும் புரியும். அவை இரண்டும் கேமரா எப்போதும் விழித்திருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட வழிமுறைகள். கேமரா வீடியோவைப் பதிந்துவைக்கும் என்.வி.ஆர் பெட்டியும் ஃப்ரிகேட் போன்ற மென்பொருளும் இடைவிடாத வீடியோ கேட்கும். இந்தக் கேமராவை அவற்றோடு மாட்ட முயல்வது வீண் வேலை. 24 மணி நேரப் பதிவு வேண்டும் என்றால் அந்த ஓர் இடத்துக்காவது ஒயர் இழுத்து பி.ஓ.இ கேமரா (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் வரும் வகை) போடுங்கள். பேட்டரி கேமராவால் அந்த வேலை ஆகாது.

ஹோம் அசிஸ்டன்டில் நடக்கும் தவறுகள்

அதிகம் பார்க்கும் தவறு டேஷ்போர்டில் நடக்கிறது. ஹாலில் டேப்லெட் ஒன்றை மாட்டி, அதில் கேமரா கார்டை லைவ் என்று வைத்துவிடுவார்கள். திரை ஒளிரும் வரை கேமராவுக்குத் தூக்கமே கிடையாது. கார்டில் லைவை எடுத்துவிட்டு, கடைசியாக எடுத்த படம் மட்டும் காட்டும்படி மாற்றுங்கள். தேவைப்படும்போது தொட்டுத் திறந்தால் போதும். கேமராவின் செட்டிங்ஸில் ஸ்ட்ரீமை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஆப்ஷன் ஒன்று இருக்கும். பேட்டரி கேமராவுக்கு அது அணைந்தே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஆட்டோமேஷன் எழுதியிருந்தால் நாளைக்கு 288 தடவை எழுப்புகிறீர்கள். யாரும் பார்க்காத 288 படங்களுக்காகப் பேட்டரி கரைகிறது.

இணைப்பு எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். டாப்போ, யூஃபி, ரியோலிங்க் போன்ற பிராண்டுகளில் சில மாடல்களுக்குத் தனி ஹப் உண்டு. கேமரா ஹப்போடு பேசும், ஹப் வீட்டு நெட்வொர்க்கோடு பேசும். பதிவும் ஹப்பிலேயே இருக்கும். ஹோம் அசிஸ்டன்ட் நிலவரத்தை ஹப்பிடம் கேட்டுக்கொண்டால் கேமராவை அடிக்கடி எழுப்ப வேண்டியதில்லை. பழைய பதிவைப் பார்க்கவும் கேமரா எழ வேண்டாம். இரண்டுக்கு மேல் கேமரா போடுவதாக இருந்தால் ஹப் உள்ள வகையையே வாங்கச் சொல்வோம். விலை கூடத்தான். ஆனால் கேமராவையே திருடிக்கொண்டு போனாலும் பதிவு வீட்டுக்குள் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் பிளிங்க் கேமரா ஒரு தனிக் கதை. அது அலெக்ஸாவோடு மட்டுமே சேரும், கூகுள் ஹோமிலோ ஆப்பிள் ஹோமிலோ சேராது. அதற்கு 1.5 வோல்ட் ஏஏ லித்தியம் செல் இரண்டு வேண்டும். கடையில் கிடைக்கும் ஆல்கலைன் செல்லையோ ரீசார்ஜ் செல்லையோ போடக் கூடாது.

மேட்டர் (பல கம்பெனிக் கருவிகளும் ஒன்றாக இயங்குவதற்கான பொதுத் தரம்) முத்திரை இருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று பேசிவிடும் என்று விற்பனையாளர் சொல்லலாம். 2025 நவம்பரில் வெளியான மேட்டர் 1.5 பதிப்பில்தான் கேமராவுக்கே இடம் கிடைத்தது. பல்பும் பிளக்கும் மேட்டரில் சேர்கின்றன என்பதால் அதே கம்பெனியின் பழைய கேமராவும் சேரும் என்று நினைக்க வேண்டாம்.

விளக்கைப் போட கேமராவை நம்ப வேண்டாம்

கேட்டில் ஆள் வந்தால் போர்டிகோ விளக்கு எரிய வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் ஆட்டோமேஷன். இதைக் கேமராவின் மோஷன் அலர்ட்டை வைத்துச் செய்தால் வழி எப்படிப் போகிறது பாருங்கள்: கேமரா எழ வேண்டும், கம்பெனி சர்வருக்குச் செய்தி போக வேண்டும், அங்கிருந்து அலெக்ஸாவுக்கு, அலெக்ஸாவிலிருந்து பல்ப் கம்பெனியின் சர்வருக்கு, கடைசியில் பல்புக்கு. விளக்கு எரிவதற்குள் வந்தவர் படியேறியிருப்பார். அதோடு, ஒரு கிளிப் முடிந்ததும் அடுத்த அசைவைக் கேமரா சிறிது நேரம் கண்டுகொள்ளாது. அந்த இடைவெளியை ஆப்பில் 10 விநாடியிலிருந்து பல நிமிடம் வரை வைத்திருப்பார்கள்.

விளக்குக்குத் தனியாக ஒரு ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ வகை) மோஷன் சென்சார் போடுங்கள். பட்டன் செல்லிலேயே மாதக்கணக்கில் ஓடும். வீட்டுக்குள்ளேயே செய்தி போய்வருவதால் விளக்கு உடனே எரியும். வெளிச்சம் வந்த பிறகு கேமரா எழுந்தால் முகம் கலரில் விழும், அகச்சிவப்பு விளக்கு எரிய வேண்டிய தேவையும் குறையும். பேட்டரிக்கு அதுவும் லாபம்.

கேட்டில் டோர் சென்சார் வைப்பது இன்னும் நல்லது. அது இரண்டு துண்டாக வரும், ஒன்றில் ரேடியோ, மற்றதில் காந்தம்; இரண்டும் விலகினால் ‘திறந்தது’ என்று சொல்லும். ஆனால் இரும்புக் கேட்டில் அதை மாட்டும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. ரேடியோ உள்ள பெரிய துண்டைக் கேட்டில் ஒட்டினால் இரும்பு சிக்னலை விழுங்கும். அதைத் தூணில் ஒட்டி, காந்தத் துண்டை மட்டும் கேட்டில் வையுங்கள். காந்தத்தையும் இரும்பில் நேராக ஒட்டாமல் அடியில் அரை அங்குல பிளாஸ்டிக் கட்டையோ மரக்கட்டையோ கொடுங்கள், இல்லாவிட்டால் காந்தப் புலம் இரும்புக்குள்ளேயே இறங்கிவிடும். மூடிய நிலையில் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். காற்றில் கேட் ஆடினாலும் ‘திறந்தது’ என்று சொல்லாத அளவுக்கு அதைச் சரிசெய்யுங்கள்.

மே மாத மத்தியானம்

பி.ஐ.ஆர் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. பின்னணிச் சூட்டுக்கும் நகரும் ஒன்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் 38, 40 டிகிரி அடிக்கும்போது தரையும் சுவரும் மனிதத் தோலின் சூட்டை எட்டிவிடும், தாண்டியும் போகும். வித்தியாசம் சுருங்கியதும் சென்சாரின் எட்டும் தூரமும் சுருங்கும். இரவில் 8 மீட்டரில் பிடித்த கேமரா மத்தியானத்தில் 3 மீட்டரில் வந்தால்தான் எழும். சென்சிட்டிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றினால் ஏ.சி அவுட்டோர் யூனிட்டின் சூடான காற்றுக்கும், வெயிலில் ஆடும் தென்னை மட்டைக்கும் எழுந்துகொண்டிருக்கும். பகலில் டோர் சென்சார் கைகொடுப்பது இங்கேதான். வேறு சென்சார் சொன்னால் கேமரா எழுந்து பதிவு செய்யும் வசதி உங்கள் ஆப்பில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மாட்டும் உயரம் 2 முதல் 2.5 மீட்டர், முகம் சற்றுக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். வருகிறவர் கேமராவை நோக்கி நேராக வரும்படி வைக்காதீர்கள். குறுக்காகக் கடக்கும்படி வைத்தால் சென்சார் சீக்கிரம் பிடிக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் ஆள் நடமாட்டத்துக்கு எழவே எழாது, உடல் சூட்டின் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. பக்கத்துச் சுவரோ கிரில்லோ ஒரு முழத்துக்குள் இருந்தால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெளுத்துவிடும்.

வைஃபையும் கரன்டும்

பெரும்பாலான பேட்டரி கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். ஃபைபர் கனெக்‌ஷனோடு வரும் ரௌட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் தந்தால் இணைக்கும்போது திணறும். 2.4-க்குத் தனிப் பெயர் வைத்து, ரௌட்டர் செட்டிங்ஸில் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ-2 ஆக்குங்கள். இன்னொன்று: அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிவையுங்கள். நாளைக்கு ரௌட்டரை மாற்றினால் புதியதிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்தால் போதும், ஒரு கேமராவையும் கழற்ற வேண்டாம். விருந்தினர் நெட்வொர்க்கில் போட்டால் பாதுகாப்பு என்பது சரிதான். ஆனால் அங்கே கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாத தடை இருக்கும், ஹோம் அசிஸ்டன்டால் கேமராவை உள்ளூரில் தொட முடியாமல் போகும்.

சிக்னலை, கேமரா மாட்டப்போகும் இடத்திலேயே கதவுகளை மூடிவிட்டு அளக்க வேண்டும். அதன் அளவு டி.பி.எம், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். மைனஸ் 65 டி.பி.எம் வரை நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் ஒவ்வொரு கிளிப்பையும் திரும்பத் திரும்ப அனுப்பி, 20 விநாடி வேலைக்கு ஒரு நிமிடம் விழித்திருக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று வரும் புகார்களில் பல இங்கேதான் போய் நிற்கும்.

கரன்ட் போனாலும் ஓடும் என்பதற்காகவே பேட்டரி கேமரா வாங்குகிறவர்கள் கரன்ட் போனால் ரௌட்டரும் அணையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மெமரி கார்டு உள்ள கேமரா பதிவு செய்யும், ஆனால் போனுக்கு ஒன்றும் வராது. ரௌட்டர், ஃபைபர் பெட்டி, ஹப் மூன்றுக்கும் பேக்கப் வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் போடலாம், இல்லையென்றால் ஒரு மினி யு.பி.எஸ் போதும். வாங்கும் முன் ஒவ்வோர் அடாப்டரிலும் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட்டைக் கொண்டுபோய் 5 வோல்ட் ஹப்பில் செருகினால் ஹப் போய்விடும்.

சோலார் பேனலோடு வரும் செட்டில் ஒரு விஷயம். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, கேமராவே சார்ஜை நிறுத்திவிடும். மேற்குச் சுவரில் நேர் வெயிலில் கறுப்புக் கேமராவை மாட்டினால் நல்ல வெயில் நேரத்தில்தான் சார்ஜ் ஏறாது. கேமரா சன்ஷேடின் கீழ், பேனல் மட்டும் வெயிலில் என்று பிரித்து மாட்டுங்கள். தமிழ்நாட்டில் பேனலைத் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்த்தால் போதும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும், ஆகவே செங்குத்தாக நிறுத்தினால் அந்த மாதங்களில் பயன் குறையும். கேபிள் கேமராவுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை அடாப்டரில் முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பூட்டைக் கவனியுங்கள்

2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனியில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களையே முடக்கியது. இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனை விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாங்கும் மாடலுக்கு அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஆப் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். மகன், மருமகள், மாடி வீட்டுக்காரர் என்று பாஸ்வேர்டைப் பகிராமல் ஆப்பில் உள்ள ஷேர் வசதியைப் பயன்படுத்துங்கள், வேண்டாதபோது ஒருவரை மட்டும் நீக்கலாம். அடுத்த வீட்டு வாசலும் ஜன்னலும் படத்தில் விழுந்தால் பிரைவசி மாஸ்க் போட்டு மறைத்துவிடுங்கள், கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் கேமரா இயங்கும்படி போனின் இருப்பிடத்தை வைத்து ஆட்டோமேஷன் எழுதினால் வீட்டிலுள்ள எல்லார் போனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி வீட்டில் இருந்தால் ‘வீட்டில் ஆள் இருக்கிறது’ என்று தெரிவிக்க அவருக்கென்று சுவரில் ஒரு ஜிக்பீ பட்டன் வையுங்கள்.

எல்லாம் முடிந்த பின் பகல் 2 மணிக்கு ஒருமுறை, இரவில் ஒருமுறை கேட்டிலிருந்து வாசல் வரை நடந்து பார்த்து, போனில் எத்தனை விநாடியில் செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால் போனில் அந்த ஆப்புக்கு பேட்டரி சேமிப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சோலாரைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் சார்ஜ் சதவீதத்தை எழுதிவாருங்கள். வாரத்துக்கு 8, 9 சதவீதம் இறங்கினால் கிட்டத்தட்ட மூன்று மாதம் வரும். 25-க்கு மேல் இறங்கினால் ஆப்பில் நாளுக்கு எத்தனை கிளிப் என்று எண்ணுங்கள். கிளிப் குறைவாக இருந்தும் சார்ஜ் இறங்கினால் சிக்னலையும், எங்கோ திறந்து கிடக்கும் லைவ் கார்டையும் தேடுங்கள்.