கல்லாற்றில் முளைக்கும் பற்கள்

கோத்தகிரியைச் சேர்ந்த, பொறியியல் முதலாண்டு படிக்கும் வாசகி ஒருவர் நியாயமான ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். தேவையை வரையறுத்தல், தகவல் திரட்டுதல், மாற்று வழிகளை ஒப்பிடுதல், மாதிரி செய்தல், சோதித்தல், திருத்துதல் என்று பாடநூலில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்களே, உண்மையில் யாராவது இந்த வரிசையில் எதையாவது வடிவமைத்திருக்கிறார்களா என்பது அவருடைய ஐயம். இந்த வரிசையில் யாரும் வேலை செய்வதில்லை. ஆனால் வட்டத்தில் உள்ள எதையும் யாரும் தவிர்க்க முடிந்ததுமில்லை. இதற்குச் சான்று தேடி அவர் தொலைவு போக வேண்டாம், குன்னூர் ரயில் நிலையம் வரை இறங்கி வந்தால் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில்பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான பகுதி 1899ஆம் ஆண்டிலும், உதகை வரையிலான நீட்டிப்பு 1908ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. தொல்லை முழுவதும் மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையத்துக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் தொலைவுக்குள் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர வேண்டும். செங்குத்தான இடங்களில், 12 மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே போகும் அளவுக்கு ஏற்றம் இருக்கிறது.

தேவையை வரையறுப்பது என்றால் என்ன என்பதை இங்கே ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். எடுத்துக்காட்டாக, எஞ்சினையும் சேர்த்து 100 டன் எடையுள்ள ரயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்தில் அது பின்னோக்கி உருளாமல் பிடித்து நிறுத்துவதற்கே சுமார் 8.3 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். எஞ்சினின் எடை 50 டன் என்றும், அது முழுவதும் இயக்கச் சக்கரங்களின் மீதே அமர்கிறது என்றும் கொண்டால், உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வு 12 டன் வரை தாங்கக்கூடும். மூடுபனியில் நனைந்து, சருகு ஒட்டிக் கிடக்கும் தண்டவாளத்திலோ 5 டன்தான் மிஞ்சும். அதாவது, வெயில் காயும் மாசி மாதப் பிற்பகலில் இந்த ரயில் ஏறிவிடும். ஐப்பசி மழையில் வழுக்கிவிடும். ஏறும்போது வழுக்கினால் தாமதம், இறங்கும்போது வழுக்கினால் பள்ளத்தாக்கு. ஆகவே ‘மலை ஏறும் ரயில்’ என்பது இங்கே தேவையன்று. ‘மிக மோசமான நாளிலும் நழுவாத ரயில்’ என்பதே தேவை. இந்த ஒரு சொல் மாற்றத்தில் வடிவமைப்பில் பாதி முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. 1881இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் பாதை, வளையம் போட்டும் முன்னும் பின்னுமாக மடிந்தும் ஏற்றத்தைத் தணித்துக்கொள்கிறது. நீலகிரிச் சரிவில் ஏற்றத்தை 25க்கு ஒன்றாகத் தணிக்க வேண்டுமானால், அதே உயரத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பாறையைக் குடைய வேண்டியிருக்கும். இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது, தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும் முறை.

அந்த முறை ஒருவர் மூளையில் ஒரே நாளில் உதித்ததன்று. 1812இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிளென்கின்சாப் பல்சட்டத்தைப் பயன்படுத்தினார், அதுவும் நிலக்கரிச் சுரங்கத்துக்கான ஒரு பாதையில். அக்கால வார்ப்பிரும்புத் தண்டவாளம் கனமான எஞ்சினைத் தாங்காது, இலகுவான எஞ்சினுக்கோ பிடிமானம் போதாது என்பதே அவருடைய இக்கட்டு. 1871இல் சுவிட்சர்லாந்தின் ரிகி மலையில் ரிக்கென்பாக் என்பவர் அமைத்த பல்சட்டம், படுக்க வைத்த இரும்பு ஏணி போன்றது. அது உறுதியானதுதான், ஆனால் ஏணியை வளைப்பது கடினம், செலவும் மிகுதி. அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட், ஏணியைக் கைவிட்டுத் தட்டையான எஃகுச் சட்டங்களின் மேல்விளிம்பில் பல் வெட்டினார். மெல்லிய சட்டம் வளைவுக்கு இணங்கும். 208 வளைவுகள் கொண்ட நம் பாதைக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

நான் சொல்ல வந்த அழகு இனிமேல்தான் வருகிறது. ஒற்றைச் சட்டத்தில் பற்சக்கரம் உருளும்போது, ஒரு பல் விலகி அடுத்த பல் சுமையை ஏற்கும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கைமாற்றத்தில் சிறு அதிர்வு எழும். பல் தேய்ந்திருந்தால் அது உதறலாகும். 1882இல் காப்புரிமை பெற்ற ஆப்ட், இரண்டு சட்டங்களை அருகருகே நிறுத்தி, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றொன்றின் பள்ளம் வரும்படி அரைப்பல் தள்ளிப் பொருத்தினார். எஞ்சினின் இரட்டைப் பற்சக்கரமும் அப்படியே தள்ளி வெட்டப்பட்டது. கிணற்றில் கயிறு இழுப்பவர் ஒரு கை இறுகப் பற்றிய பிறகுதான் மறு கையை விடுவார். அதுபோலவே, ஒரு சட்டத்தில் பல் மாறும்போது மற்றதில் ஒரு பல் முழுச் சுமையோடு ஆழப் பதிந்திருக்கும். ஆப்ட் முறையில் பற்களின் வழக்கமான இடைவெளி 120 மில்லிமீட்டர். இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் 60 மில்லிமீட்டருக்கு ஒரு பிடி. பல்லைச் சிறிதாக்கி அதன் வலிமையைக் குறைக்காமலேயே பிடிகளின் எண்ணிக்கை இரட்டித்துவிட்டது! கல்லாற்றில் நின்று பார்த்தால், கரிய எண்ணெய் படிந்த அந்த இரண்டு வரிசைகளும் கோணலாக வகிடெடுத்த தலைபோலத் தெரியும். அந்தக் கோணல் வேண்டுமென்றே செய்யப்பட்டது.

அடுத்த சிக்கல் பல்சட்டம் தொடங்கும் இடத்தில் எழுகிறது. உருண்டு வரும் சக்கரத்தின் பல், சட்டத்தின் பள்ளத்தில்தான் வந்து இறங்கும் என்பதற்கு உறுதியில்லை. பல்லும் பல்லும் முட்டினால் ஒன்று உடையும். அதனால் சட்டத்தின் நுனி வில்சுருள்களின் மேல் அமைக்கப்பட்டிருக்கிறது. பல் முட்டினால் நுனி சற்றே அமிழ்ந்து இடம் கொடுக்கிறது, சரியான நிலை வந்ததும் எழுந்து கவ்விக்கொள்கிறது. எஞ்சினும் மெதுவாக, பற்சக்கரத்தை முன்கூட்டியே சுழலவிட்டபடிதான் அங்கே நுழைகிறது.

இத்தகைய நுட்பம் முட்டி உடைந்த பற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கே தோன்றும். நம் கல்லூரிகளில் மாணவர் திட்டப்பணிக்குக் கிடைக்கும் சிறு தொகையோ, ‘இயங்கும் மாதிரி’யைக் காட்டுவோருக்கே கிடைக்கிறது. நானும் மாணவனாக இருந்தபோது, வளைந்துபோன அச்சு ஒன்றைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டு, சாயம் பூசிய மாதிரியைக் காட்டி மதிப்பெண் வாங்கியவன்தான். அந்த அச்சு ஏன் வளைந்தது என்று எவரும் கேட்கவில்லை. உடைத்துப் பார்ப்பதற்கென்று தனியே பணம் ஒதுக்காத ஆய்வு நிதியால் பொம்மைகளே பெருகும்.

இந்தப் பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்டவை. பல்சட்டப் பகுதியில் நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும் உருளைகளில் (சிலிண்டர்களில்) வேலை செய்து, பிறகு பற்சக்கரத்தை ஓட்டும் உருளைகளுக்குப் போகிறது. ஏறும்போது எஞ்சின் ரயிலின் கீழ்ப்புறம் நின்று தள்ளுவதும், ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பணியாளர் நிற்பதும் அந்த மோசமான நாளை நினைத்துச் செய்த ஏற்பாடுகளே.

பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எக்ஸ் வகை எஞ்சின்கள் கட்டப்பட்டன. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் எரிக்கும் ஏற்பாடும் வந்தது. எரிபொருளை மாற்ற முடிந்தவர்களாலும் பல்லின் இடைவெளியைத் தொட முடியவில்லை. அதை ஒரு மில்லிமீட்டர் மாற்ற வேண்டுமென்றாலும், கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை மலையில் பதிந்து கிடக்கும் சட்டம் அத்தனையையும் பெயர்த்தெடுக்க வேண்டும்.