மூக்கில் எம்ஆர்எஸ்ஏ: பிசிஆர் கேட்பதா, கல்ச்சர் கேட்பதா?

மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி குறித்தவரிடம் "மூக்கில் ஒரு ஸ்வாப் எடுக்கணும்" என்றதும் பலருக்குக் கொரோனாதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குச்சி தொண்டையின் மேற்புறம் வரை போனது. இது மூக்கின் வாசலோடு நின்றுவிடும். தேடுவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை. ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் மூக்கில் அது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். அதிலும் மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகையாக இருந்தால், அறுவைக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபாசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி அதனிடம் செல்லாது. முன்பே தெரிந்தால் மருந்தை மாற்றலாம், மூக்கையும் தோலையும் சுத்தப்படுத்தலாம்.

இதைக் கண்டறிய இரண்டு வழி: கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர், கிருமியையே வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். எந்தப் பரிசோதனை என்றாலும் பாதித் தவறு ஸ்வாப் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. குச்சி 1 முதல் 2 செ.மீ. வரை உள்ளே போனால் போதும். பக்கச் சுவரில் நன்றாக அழுந்தும்படி 5 சுற்று சுற்றி, அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் சுற்ற வேண்டும். மூக்கு வறண்டிருந்தால் ஸ்டெரைல் சலைனில் நனைத்துக்கொள்ளலாம். ரத்தமோ கெட்டிச் சளியோ அப்பியிருந்தால் பிசிஆர் வினை தடைபட்டு "இன்வேலிட்" என்று வரும். அது நெகட்டிவ் அல்ல. புதிய ஸ்வாப் எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

காசநோய்க்குச் சளி பார்க்கும் சிபிநாட் என்ற பிசிஆர் இயந்திரத்திலேயே எம்ஆர்எஸ்ஏவுக்கான கார்ட்ரிட்ஜையும் (சோதனைப் பொருள்கள் அடங்கிய சிறு பெட்டி) போடலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ஆனால் அது பார்ப்பது மரபணுவை மட்டும். மருந்து எதிர்ப்பைத் தருவது மெக்-ஏ மரபணு. அதை மட்டும் தேடினால் சிக்கல்: மூக்கில் சாதாரணமாக வாழும் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமிகளிடமும் அது உண்டு. அதனால் மெக்-ஏ இருக்கும் டிஎன்ஏ துண்டு ஆரியஸின் குரோமோசோமோடு ஒட்டும் இணைப்பிடத்தைத் தேடும்படி சோதனையை வடிவமைத்தார்கள். அதிலும் ஓட்டை இருந்தது. துண்டின் ஓரங்கள் அப்படியே இருக்க, நடுவிலிருந்த மெக்-ஏ மட்டும் உதிர்ந்துபோன ஆரியஸ் உண்டு. மருந்துக்கு அடங்கும் அந்தக் கிருமியும் பாசிட்டிவ் என வரும். புதிய கார்ட்ரிட்ஜ்கள் இணைப்பிடத்தோடு மெக்-ஏ, அதே எதிர்ப்பைத் தரும் மெக்-சி மரபணு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால் இந்தத் தவறு குறைந்திருக்கிறது. உங்கள் லேப் எதைப் பயன்படுத்துகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்ச்சர் மெதுவானது. குரோமோஜெனிக் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் நிறம் காட்டும் காலனி (கிருமிக் கூட்டம்) தெரிய 18 முதல் 24 மணி நேரம் ஆகும். சில தட்டுகளை 48 மணி நேரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் உப்புச் சத்துள்ள திரவத்தில் ஓர் இரவு வளர்த்துவிட்டுத் தட்டில் போட்டால், குறைவாக இருக்கும் கிருமியும் சிக்கும். இன்னொரு நாள் கூடும். பிறகு அந்தக் கிருமியை முல்லர் ஹிண்டன் என்ற இன்னொரு வளர்ப்புத் தட்டில் பரப்பி, 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிட்டின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றிய வில்லையை வைக்கிறோம். 16 முதல் 18 மணி நேரம் கழித்து வில்லையைச் சுற்றிய தெளிந்த வட்டத்தை அளக்கிறோம். விட்டம் 22 மி.மீ. அல்லது மேல் என்றால் அடங்கும். 21 அல்லது கீழ் என்றால் எம்ஆர்எஸ்ஏ. ஒரே ஒரு மில்லிமீட்டர் முடிவை மாற்றிவிடுகிறது. இன்குபேட்டரும் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது. மற்ற வேலைகளுக்காக 37-இல் ஓடும் இன்குபேட்டரிலேயே இதையும் வைத்தால் எதிர்ப்பு சரியாக வெளிப்படாமல் போகலாம். ரிப்போர்ட் "அடங்கும்" என்று தவறிவிடும்.

இத்தனை காத்திருப்புக்குப் பலன் என்ன? கையில் உயிருள்ள கிருமி இருக்கிறது. மூக்கைச் சுத்தப்படுத்தப் பயன்படும் மியூபிரோசினுக்கு அது அடங்குமா என்று 200 மைக்ரோகிராம் வில்லை வைத்துப் பார்க்கலாம். வட்டமே இல்லையென்றால் அந்தக் களிம்பை நம்பிப் பயனில்லை. வழக்கமான எம்ஆர்எஸ்ஏ கார்ட்ரிட்ஜ் இதைச் சொல்லாது. வார்டில் அடுத்தடுத்துப் பலருக்கு வந்தால், எல்லாம் ஒரே கிருமியா என்று ஒப்பிடவும் கல்ச்சர்தான் வேண்டும்.

அறுவை நாளை மறுநாள் என்றாலோ, ஐசியூவில் நிமோனியா நோயாளிக்கு எம்ஆர்எஸ்ஏவாக இருக்கலாம் என்று வான்கோமைசின் ஆன்டிபயாட்டிக் தொடங்கியிருந்தாலோ பிசிஆர் கேளுங்கள். மூக்கு பிசிஆர் நெகட்டிவ் என்றால் நிமோனியாவுக்கு எம்ஆர்எஸ்ஏ காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் வான்கோமைசினை நிறுத்த முடியும், அதன் பாதிப்பிலிருந்து சிறுநீரகம் தப்பும். இந்தக் கணக்கு நுரையீரலுக்குத்தான். புண்ணுக்கோ ரத்தத்துக்கோ அப்படியே பொருத்தாதீர்கள். அறுவைக்கு இரண்டு வாரம் இருந்தால் கல்ச்சரே போதும். செலவும் பல மடங்கு குறைவு. அவசரமும் இருக்கிறது, மியூபிரோசின் விவரமும் வேண்டும் என்றால் இரட்டைக் குச்சியில் எடுத்து, ஒன்றை பிசிஆருக்கும் மற்றதைக் கல்ச்சருக்கும் அனுப்பலாம்.

பாசிட்டிவ் என்றதும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். மூக்கில் கிருமி குடியிருப்பது நோய் அல்ல. மருத்துவர் சொன்னால் 2% மியூபிரோசின் களிம்பை இரு துவாரத்திலும் தினம் இருவேளை, 5 நாள் பூச வேண்டும், கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியல். முடித்த கையோடு மறுபரிசோதனை செய்தால் பிசிஆர் செத்த கிருமியின் டிஎன்ஏவைப் பிடித்துப் பாசிட்டிவ் காட்டலாம். கல்ச்சரோ மிச்சக் களிம்பால் பொய்யாக நெகட்டிவ் ஆகலாம். குறைந்தது 48 மணி நேரம் விட்டு கல்ச்சருக்கே அனுப்புங்கள். களிம்பைக் கடைசியாகப் பூசிய தேதியை லேப் படிவத்தில் எழுதுங்கள்.