தாடை நீர்க்கட்டி அறுவை சிகிச்சை: காப்பீட்டு அட்டை எப்படி உதவும்?

தாடை எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டி பெரும்பாலும் வலிக்காது. வேறு பல்லுக்காக ஓபிஜி (இரு தாடையும் முழுதாகத் தெரியும்) எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. உயிரிழந்த பல்லின் வேரடியில் வருவதே அதிகம். முளைக்காமல் புதைந்த கடைவாய்ப்பல்லைச் சுற்றியும் வரும். வலி இல்லையே என்று விட்டால் அது எலும்பை உள்ளிருந்தே அரிக்கும்.

சென்னையில் பிராட்வே அருகே, முத்துசாமி சாலையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டலாம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களும் தயங்காமல் போங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் பதியலாம். ஆனால், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே, அதுவும் முன் அனுமதி கிடைத்த பிறகே, இது செல்லும். சொத்தைப் பல் அடைப்பதற்கெல்லாம் கிடையாது. அதனால் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எக்ஸ்ரேயைக் காட்டி, உங்களுக்குச் சொன்ன சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

சரி, என்ன செய்வார்கள்? சிறிய கட்டியை உறையோடு முழுதாக எடுத்துவிடுவார்கள். பெரிய கட்டி நரம்பை ஒட்டியிருந்தால், ஒரு திறப்பு வைத்து நீரை வடியவிட்டு, சில மாதங்கள் சுருங்கவிட்டு, தேவைப்பட்டால் மிச்சத்தை அப்புறம் எடுப்பார்கள். கீழ்த்தாடையில் செய்தால் உதடு கொஞ்ச காலம் மரத்திருக்கலாம். எடுத்த இடத்தில் எலும்பு தானாகவே நிரம்பும். அதற்கு ஆறு மாதமோ, குழி பெரிதென்றால் ஓராண்டுக்கு மேலோ ஆகும். பெரிய குழியென்றால் தாடை உடையும் அபாயம் உண்டு. டாக்டர் சொல்லும்வரை முறுக்கு, கரும்பு வேண்டாம்.

எடுத்த உறையைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும். தையல் பிரித்ததும் பலர் அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே போய்விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. கெரட்டோசிஸ்ட் என்ற வகை ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரும். ரிப்போர்ட்டில் அந்தப் பெயர் இருந்தால் ஐந்தாண்டுக்குக் குறையாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோங்கள். எலும்பு நிரம்புகிறதா என்பதை டாக்டர் இரண்டையும் ஒப்பிட்டே சொல்வார்.